பழுதில்லாத கண்டென்சர்

என் அக்கா புருஷன் தங்கராஜுவைப் பற்றி எங்கள் பக்கம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பெண்டாட்டியைக் கொன்றவர் என்று ஒரு கூட்டம், பாவம் நல்ல மனுஷன் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் நான் போய் உட்கார்ந்ததில்லை. அவரை எனக்குத் தெரியும், அக்காவையும் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள்.

அத்தான் டெலிவிஷன் ரிப்பேர்க்காரர். பினாங்கு ரோட்டில் ஒரு சீனர் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வேலை. கலர் டிவி வந்த புதிதில் அவருக்கு நல்ல மவுசு இருந்தது. குள்ளமான ஆள், சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் குத்திக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்குக்கூட அதோடுதான் வருவார். பேச்சு குறைவு. கரண்டைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் மட்டும் கேட்டவர் தொலைந்தார். சுங்கை பினாங்கில் ஆற்றுப் பக்கம் பலகை வீடு, தகரக் கூரை. பிள்ளை இல்லை. அந்தக் குறையை அக்கா வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். அவர் சொல்லமாட்டார். அதனால்தான் அந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சனியன் என்று நான் சொல்வது மின்னலை. வீட்டுக்குள் மின்னல் விட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் விற்பார்களே, அங்கே ஒரு நாள் கிழிந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று வாங்கி வந்தார். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் கை நீளத்துக்கு மின்பொறி பறக்கவிடுகிற படம் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

"இதனால என்ன லாபம் அத்தான்?" என்று நான் கேட்டேன்.

"பாக்க நல்லா இருக்கும்லா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "குடிக்கிறாரா, சூதாடுறாரா? விடு" என்றாள்.

மின்னல் விட வேண்டுமானால் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொட்ட வேண்டுமாம். சேர்த்து வைக்கிற சாமானுக்குப் பெயர் கண்டென்சர். டிவிக்குள் இருப்பது சுண்டுவிரல் அளவுதான். அவருக்கு வேண்டியது அவ்வளவு மின்னழுத்தத்தைத் தாங்குகிற பெரிய ஜாதி. அது இங்கே கடையில் கிடைக்காது. ஆகவே தானே செய்யப்போகிறேன் என்று இறங்கினார். இரண்டு அலுமினியத் தாள், நடுவிலும் மேலேயும் பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் சேர்த்துப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி எண்ணெயில் ஊறப் போட வேண்டும். கேட்பதற்கு என்ன சுலபம்!

முதலில் பாசாரில் காய்கறி போட்டுத் தருகிற பிளாஸ்டிக் பையை வெட்டிச் சுருட்டினார். கரண்டு ஏற்றினதும் படாரென்று சத்தம், கருகல் நாற்றம். பிரித்துப் பார்த்தால் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பிறகு ஹார்டுவேர் கடையில் தடித்த தாள் வாங்கினார். அது ஓரத்தில் பொறி தாவி எரிந்தது. அலுமினியத் தாளை ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தார். தாளில் சுருக்கம் விழுந்த இடத்தில் ஓட்டையானது. ஒரு தாளுக்கு இரண்டு தாளாக வைத்தார், ஒன்றில் ஓட்டை இருந்தாலும் மற்றது அந்த இடத்தில் மறைத்துக்கொள்ளும் என்று. நடுவில் எங்கேயோ தூசி இருந்து அதுவும் போனது. இப்படியே வருஷக்கணக்கில் போனது. வீட்டுப் பின்னால் கருகின சுருளாகக் கிடக்கும். பக்கத்து வீட்டு நூர் பீவி அக்கா, "என்ன வள்ளி, ஒங்க வீட்ல தெனம் தீபாவளியா?" என்று கேட்பார்.

சுருட்டுவதற்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் சுருட்ட, எதிரே ஒருவர் தாளை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்காதான் பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனால் ஹாலில் இரண்டு பேரும் எதிரெதிரே முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் தாள் பளபளவென்று கிடக்கும். காற்றாடியைப் போடக் கூடாது, தூசி பறக்கும். தும்மக் கூடாது. அக்காவுக்கு வேர்த்து ஊற்றும், நெற்றியைத் துடைக்கக் கையை எடுக்கவும் முடியாது. அவர் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, தோளில் கிடக்கிற துண்டால் எட்டித் துடைத்துவிடுவார். நான் பார்க்கிறேனே என்ற வெட்கம்கூட இரண்டு பேருக்கும் இருக்காது. எனக்கு அவர் மேல் எவ்வளவோ கோபம் உண்டு, ஆனால் அந்தத் துண்டை என்னால் மறக்க முடியவில்லை.

ஓட்டையாகாமல் நின்ற சிறு சுருள்களும் ஒன்றிரண்டு இருந்தன. அவற்றில் ஒன்று அக்காவை ஒருமுறை தூக்கிப் போட்டது. சுவிட்சு அணைத்துத்தான் இருந்தது, ஒயரையும் கழற்றியிருந்தார். அப்படியும் அதற்குள் கரண்டு தங்கியிருந்தது. அது அப்படித்தானாம். முழுக்க இறக்கிவிட்டதாக நாம் நினைத்தாலும் கொஞ்ச நேரத்தில் திருட்டுத்தனமாகத் திரும்ப ஏறிக்கொள்ளுமாம். அக்காவுக்கு அன்று முழுக்கக் கை மரத்துக் கிடந்தது. அத்தான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். எல்லாவற்றையும் ஆற்றில் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றவள் அவள்தான். அதற்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு வைத்தாள்.

அந்தச் சாமானெல்லாம் குசினி மேசையில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சிமெண்டுத் தரை அங்கே மட்டும்தான். ஆகவே அக்கா குசினிக்குள் கால் வைக்கும் முன்னால் வாசற்படியில் நின்று, "கோசோங்கா?" என்று கேட்பாள். மலாயில் கோசோங் என்றால் காலி, ஒன்றுமில்லை. மீட்டரில் முள் பூஜ்யத்தில் நின்றாலும் கோசோங்தான், டின்னில் அரிசி தீர்ந்தாலும் கோசோங்தான். எங்கள் ஆட்களுக்கு நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிற வார்த்தை. அவர் கட்டையில் கட்டின செம்புக் கம்பியால் கண்டென்சரைத் தொட்டு இறக்கிவிட்டு, மீட்டரைப் பார்த்துவிட்டு, "கோசோங்" என்பார். அதன் பிறகுதான் அவள் உள்ளே போய், அதைக் கையால் நகர்த்தி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் பதில் சொல்லாவிட்டால் பசியோடு படுப்பாளே தவிர உள்ளே போகமாட்டாள். அவள் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

எண்பத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன், அவர் பெரிதாக ஒன்று சுருட்டினார். பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்கி, யாரிடமோ சொல்லி வாங்கின டிரான்ஸ்பார்மர் எண்ணெயை ஊற்றினார். வழக்கம் போல மறுநாளே கரண்டு ஏற்றிப் பார்க்கத் துடித்தார். அக்கா விடவில்லை. எண்ணெய்க்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கு. அது அடங்கட்டும். அவசரப்பட்டு அவசரப்பட்டுத்தான் எல்லாத்தையும் பொசுக்குனீங்க" என்றாள்.

மழைக்காலம் முழுக்க அதைத் தொடவிடவில்லை. குமிழி நின்ற பிறகும் பொறுக்கச் சொன்னாள். தைப்பூசம் கழிந்து அவர் கரண்டு ஏற்றியபோது அது தாங்கியது. சத்தமில்லை, நாற்றமில்லை. குசினியில் முழம் நீளத்துக்கு ஊதா நிறத்தில் மின்னல் அடித்தது. நானும் போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அக்கா கையைத் தட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சீனியை அறவே விட வேண்டும். அத்தானுக்குக் கோப்பி என்றால் பாதிக் குவளை சீனி. அக்கா ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். சீனி போடாத கோப்பிக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று தெரியுமல்லவா? கோப்பி கோசோங். கடையில் கேட்டாலும் அதுதான், வீட்டில் கேட்டாலும் அதுதான். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. "இன்னைக்காச்சும் ஒரு கரண்டி போடேன்" என்று அவர் கெஞ்சுவார். "கோசோங்தான், மூச்சு விடக் கூடாது" என்று இவள் விரட்டுவாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை, மதியம் திரும்பி வெயில் தாழ்ந்த நேரம். அத்தான் குசினியில் கண்டென்சருக்குக் கரண்டு ஏற்றி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, வேனில் பசம்பூர்ப் பலகாரம் விற்கிற முகம்மது வாசலில் கூப்பிட்டான். ரேடியோ கரகரக்கிறது, ஒரு நிமிஷம் பார்த்துக் கொடுங்கள் என்றான். சுவிட்சை அணைத்துவிட்டு அத்தான் முன்பக்கம் போனார். செம்புக் கம்பியால் இறக்கவில்லை. உடனே திரும்பி வருகிறோம் என்ற நினைப்பு. அக்கா தையல் தைத்துக்கொண்டு அறையில் இருந்தாள். வந்தவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று எழுந்தாள்.

"முகம்மது தம்பி, கோப்பி குடிக்கிறியாப்பா?"

"போடுங்கக்கா. எனக்குச் சீனி தூக்கலா."

அத்தான் ரேடியோவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா பின்பக்கம் நடந்து, வழக்கம் போலக் குசினி வாசற்படியில் நின்று, வழக்கம் போலக் கேட்டாள்.

"என்னங்க, கோசோங்கா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஆமாமா, கோசோங்தான். எனக்கு வேற என்ன குடுத்துறப் போற நீ?" என்றார். முகம்மது சிரித்தான்.

அதற்குப் பிறகு பட்டென்று ஒரு சத்தம். முகம்மது குவளை விழுந்து உடைந்தது என்று நினைத்தானாம். அத்தானுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். கையிலிருந்த ரேடியோவை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். முகம்மதுவின் வேனில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலையாக இருந்தேன். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள்.

போலீஸ் வந்து கேட்டது. அத்தான் வாயையே திறக்கவில்லை. கரண்டு அடித்து இறந்தாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். முகம்மதுவுக்கு அந்த வீட்டுக் கட்டுப்பாடு தெரியாது. அவன் காதில் விழுந்ததெல்லாம் கோப்பிப் பேச்சுத்தான். ஆகவே ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. பொம்பளை, விவரம் தெரியாமல், கேட்காமல் கொள்ளாமல் தொட்டுவிட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று அக்கா மேலேயே எனக்குக் கோபமாக இருந்தது.

கருமாதியன்று சாப்பாட்டுப் பந்தியில் வடிவம்மாள் சித்தி அதையே சொன்னார். "எத்தன தடவ சொல்லியிருப்பாரு. ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பந்தி உண்டா?"

மூலையில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்தார். மொட்டை அடித்த தலை, மேல் துண்டு. பதினாறு நாளில் அவர் பேசி நான் கேட்கவில்லை.

"கேட்டா" என்றார். "வாசப்படியில நின்னு கேட்டா. கோசோங்கான்னு கேட்டா. நான் கோப்பியச் சொல்றான்னு நெனச்சு கோசோங்னு சொல்லிட்டேன். அவ மேல தப்பில்ல. யாரும் அவளச் சொல்லாதீங்க."

பந்தியில் ஒருவர் கை வாய்க்குப் போகவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பழி அக்கா தலையில் நின்றிருக்கும், இவர் பாவப்பட்ட புருஷனாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். நான் எழுந்து போய், கை ஓயும் மட்டும் அவரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. அடித்தது தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவரும் தோன்ற வேண்டும் என்று எதிர்பார்த்ததில்லை.

அக்காவின் சேலைகளை எடுக்க ஒரு நாள் போனேன். ஹால் முழுக்க பிளாஸ்டிக் தாள் விரிந்து கிடந்தது. அந்தக் கண்டென்சரைப் பிரித்துப் போட்டிருந்தார். முட்டி போட்டு, தாளைக் கையில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். எதிர்ப்பக்கம் பிடிக்க ஆள் இல்லாததால் அந்த முனை மடங்கிச் சுருண்டு கிடந்தது.

"ஒரு ஓட்ட இல்ல அஞ்சலை" என்றார். "முழுக்கப் பாத்துட்டேன். எத்தனையோ ஓட்டையாச்சு. இது மட்டும் ஏன் ஆகல? பொறு பொறுன்னு அவதான் சொன்னா. அவ சொல்லி நல்லா வந்தது இது ஒண்ணுதான்."

சேலைகளைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். அக்காவுக்காக அழுதேனா அவருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சுருள் மற்றதைப் போலப் பொசுங்கித் தொலைந்திருந்தால் அவள் இன்றைக்கும் என்னிடம் வம்பு பேசிக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு சில வருஷம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. தொண்ணூறு வாக்கில் ஒரு நாள் சுங்கை பினாங்கு ரோட்டில் ஒரு கோப்பிக் கடையில் அவரைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். முன்னால் குவளையில் கட்டிப் பால் ஊற்றின கோப்பி, அடியில் சீனி கரையாமல் நிற்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"செத்துப் போகணும்னு பாக்குறீங்களா? ஒடம்பு என்னாத்துக்கு ஆகும்? சீனி வேணாம்னு சொல்ல வாயில்லயா?"

"சொல்லலாம்" என்றார். "தமிழ்ல சொன்னாலும் கடப் பையன் வெளங்கிக்குவான். ஆனா அங்கேருந்து உள்ள கத்துவான்லா. கோப்பி கோசோங்னு. அத கேக்க முடியல அஞ்சலை."

"அப்ப வீட்லயே போட்டுக் குடிக்க வேண்டியதுதானே?"

"குசினிக்குப் போறதில்ல" என்றார்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் பிளாஸ்கில் கோப்பி ஊற்றிக்கொண்டு போய் அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அக்கா இருந்திருந்தால் அவரை இப்படி விட்டிருக்கமாட்டாள், அவ்வளவுதான். ஆனால் நான் கொடுக்கும் காலைக் கோப்பியைத் தவிர மற்ற வேளைக்குக் கடைதான். எவ்வளவு கத்தினாலும் கேட்கவில்லை. அந்த வார்த்தை வருகிற எந்த இடத்திலும் அவர் நிற்கமாட்டார். பஸ்ஸில் "கோசோங், கோசோங், உள்ள போ" என்று கண்டக்டர் கத்தினால் இறங்கி நடப்பார். கடை வேலையும் போனது. மீட்டரைக் கையில் எடுக்கவே மறுக்கிறார் என்று சீனர் அனுப்பிவிட்டார்.

பிறகு காலில் ஒரு புண் வந்தது. செருப்பு கடித்த புண். ஆறவில்லை, கறுத்தது. என்னிடம் மறைத்து வைத்திருந்தார். நாற்றம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். இருதயமும் பலவீனமாக இருக்கிறது, தாங்குமா என்று சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் நிச்சயம் பிழைக்கமாட்டார் என்றார்கள். கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை, நான்தான் பக்கத்தில் நின்றேன்.

ஆபரேஷன் அன்று காலை, மிஸ்ஸி நோர்மா, அந்த வார்டு நர்ஸ், தள்ளுவண்டியோடு வந்தாள். நல்ல பெண். சிரித்த முகம். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாரையும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். வயிறு காலியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மலாயில் அதை வேறு எப்படிக் கேட்பது?

"அங்கிள், பெருட் கோசோங்?"

அத்தான் அவளைப் பார்த்தார். அவள் சத்தமாக இன்னொரு தடவை கேட்டாள். அவர் உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். சாப்பிட்டுவிட்டுப் பயப்படுகிறார் என்று நினைத்தாள். சாப்பிட்டிருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது, ஆபத்து, நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். நாளை வரை அந்தக் கால் தாங்காது.

"கோசோங்" என்று நான் சொன்னேன்.

அத்தான் சட்டென்று என் கையைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல் வலித்தது.

"நல்லா பாத்துட்டுச் சொல்லு அஞ்சலை" என்றார். "நல்லா பாத்தியா? வாயில வந்தத சொல்லிறாத."

"பாத்துட்டேன் அத்தான். நேத்துலருந்து நான் இங்கதான இருக்கேன். தண்ணிகூட நீங்க குடிக்கல. நிச்சயமாச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையை விட்டார். நோர்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, இருதயம் தாங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். வயிற்றில் ஏதாவது இருந்ததா என்று நான் கேட்டேன். அவருக்கு ஏன் கேட்கிறேன் என்று புரியவில்லை. இல்லை, அதெல்லாம் சரியாக இருந்தது என்றார்.